சின்னதுக்கு இருட்டில் தெரியாது

லிஃப்ட்காரர் எடுத்த படங்களில் யாருக்கும் தலை இருக்காது. வேண்டாதவர்கள் கட்டிவிட்ட கதை இல்லை இது. அவர் வீட்டு அலமாரியில் ஓர் உறை நிறையச் சாட்சி இருக்கிறது. கடற்கரைக்குப் போனபோது எடுத்த படத்தில் குடும்பமே கழுத்தோடு நின்றுபோயிருக்கிறது. மைத்துனரை வழியனுப்பிய நாளில் எடுத்த படத்தில் மைத்துனரின் பெட்டி இருக்கிறது, பெட்டியைப் பிடித்த கை இருக்கிறது, மைத்துனர் இல்லை. இன்னொரு படம் மட்டும் துல்லியமாக விழுந்திருந்தது. அதில் எல்லோருடைய செருப்பும், பின்னால் ஒரு லிஃப்ட் கதவின் அடிப்பட்டையும் அத்தனை தெளிவு.

“செருப்புக் கடைக்குப் போறப்ப இந்தப் படத்தை எடுத்துட்டுப் போலாம். அளவு சொல்ற வேலை மிச்சம்” என்பாள் அவர் மனைவி.

எல்லாக் குற்றத்தையும் அவர் தலையில் போடவும் முடியாது. லிஃப்ட் பழுது பார்ப்பவருக்குக் கண் முதலில் கீழேதான் போகும். கதவு சிக்கினால் காரணம் கீழே கதவு ஓடும் பள்ளத்தில் இருக்கும். ஒரு மிட்டாய்க் காகிதம், ஒரு சட்டைப் பொத்தான், சில சமயம் ஒரு காதணி. ஏதாவது ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தால் எதிரே வருகிறவர் “சௌக்கியமா?” என்று கேட்பார். இவர் ஒரு விரலை உயர்த்தி, “இருங்க” என்று சொல்லி, மேலே போகும் லிஃப்டின் சத்தத்தைக் கேட்டு முடித்துவிட்டுத்தான் “சௌக்கியம்” என்பார்.

அவருக்கு ஒரு தனித்திறமை இருந்தது. லிஃப்டுக்குள் ஆட்கள் மாட்டிக்கொண்டு கதவை இடித்துக் கத்தும்போது, வெளியே நின்று அவர் பேசுகிற குரல். “உள்ள யாரு இருக்கீங்க? பதறாதீங்க. நான் லிஃப்ட்காரர் வந்துட்டேன். மூச்சு விட முடியுதா?” என்று, பக்கத்து வீட்டில் சர்க்கரை கேட்பது போல நிதானமாகக் கேட்பார். உள்ளே அழுதுகொண்டிருப்பவர்கள் அடங்கிவிடுவார்கள். முகம் தெரியாதவர்களிடம் அவ்வளவு நன்றாகப் பேசுகிற மனிதர், முகத்தைப் பார்த்துவிட்டால் திணறுவார். படம் எடுக்கும்போது தலையை விட்டுவிடுவதற்கு அதுதான் காரணம் என்பது அவர் மனைவியின் கணக்கு.

அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் பெருசு, இளையவள் சின்னது. பள்ளியில் இருவருக்கும் நல்ல பெயர்கள் இருந்தன. ஆனால் வீட்டில் அந்தப் பெயர்களைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இருவருமே பேசாமல் இருந்துவிடுவார்கள்.

பெருசு பிறந்தபோது மைத்துனர் இவர்களோடுதான் தங்கியிருந்தார். கேமராப் பைத்தியம். பெருசு தும்மினால் ஒரு படம், தும்மாமல் இருந்தால் ஒரு படம். கூடத்துச் சுவர் நிறையப் பெருசு. குளிக்கும் பெருசு, முதல் பல் பெருசு, நாற்காலியைப் பிடித்து நிற்கும் பெருசு. பிறகு மைத்துனருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. அவரோடு கேமராவும் போய்விட்டது. அதற்கப்புறம்தான் சின்னது பிறந்தாள். அவளுக்கென்று தலையோடு இருந்த ஒரே படம் பள்ளி அடையாள அட்டையில் இருந்தது. அதில் கண்ணை மூடியிருந்தாள். “பாப்பா, தூக்கத்துலயே நடந்து வந்துட்டியா?” என்று பள்ளி வாட்ச்மேன் தினமும் கேட்பார்.

லிஃப்ட்காரரின் பட்டன் ஃபோனிலும் ஒரு கேமரா இருக்கத்தான் செய்தது. அதில் எடுத்த படத்தில் ஆள் எது, சுவர் எது என்று பிரித்துச் சொல்ல எடுத்தவரே கூட வர வேண்டும்.

வீட்டுக்கு யார் வந்தாலும் சின்னது அவர்களைச் சுவருக்கு இழுத்துப் போவாள். “இது நான் குளிக்கறப்ப எடுத்தது. இது என் முதல் பல்” என்று விளக்குவாள். ஒருநாள் பெருசு கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள்.

“பொய் சொல்லாதடி. அந்தப் படத்துல காதுகிட்ட மச்சம் இருக்கு பாரு. எனக்கு இருக்கு. உனக்கு இருக்கா மச்சம்?”

சின்னது தன் காதோரத்தைத் தடவிப் பார்த்தாள். மறுநாள் காலையில் அவள் காதோரம் ஒரு மச்சம் இருந்தது. பேனா மையில் வைத்தது.

குளியலறையில் சோப்புப் போட்டு அதைத் தேய்த்துக் கழுவும்போதுதான் லிஃப்ட்காரருக்குச் சுருக்கென்றது. கழுவக் கழுவ மச்சம் போகிறது, சுருக்கு போகவில்லை.

“இந்த வருஷம் உன் நாடகத்துல நான் உன்னைப் படம் எடுக்கறேன். அந்தச் சுவத்துல நடுவுல மாட்டறேன்” என்றார்.

“தலையோடயா?”

“தலையோட.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

நாடகத்தில் சின்னதுக்குக் கொடுத்த வேடம் கதவு. அரண்மனைக் கதவின் இடப்பக்கப் பாதி. அட்டையில் செய்து வர்ணம் பூசிய உயரமான கதவைப் பிடித்துக்கொண்டு பின்னால் மறைந்து நிற்க வேண்டும். மன்னர் வரும்போது திறந்து, முகத்தைக் காட்டி, “மன்னர் வருகிறார், வழிவிடுங்கள்!” என்று சொல்ல வேண்டும். உடனே மூடிக்கொள்ள வேண்டும். அவள் முகம் வெளியே தெரிவது அந்த ஒரு வசனத்துக்குத்தான். ஒத்திகையில் அவள் கதவைத் திறக்காமல் பக்கவாட்டில் நகர்த்தினாள்.

“அரண்மனைக் கதவு அப்படி நகராதும்மா. ராஜா காலத்துல லிஃப்ட் கிடையாது” என்றார் டீச்சர்.

“அப்போ ராஜா மாடிக்கு எப்படிப் போனாரு?”

டீச்சர் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

லிஃப்ட்காரர் பராமரிக்கும் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு கேமராக்கடை இருந்தது. கடைக்காரர் இளைஞர். ஒருமுறை அந்த லிஃப்டில் மாட்டிக்கொண்டு, இவர் குரலைக் கேட்டுப் பிழைத்தவர். அதிலிருந்து இவரைக் கண்டால் எழுந்து நின்றுவிடுவார்.

“அண்ணே, இது புதுசா ஆரம்பிக்கறவங்களுக்குன்னே வந்திருக்கற டி.எஸ்.எல்.ஆர். வெளிச்சம் கம்மியா இருந்தாலும் பளிச்சுனு எடுக்கும். அழுத்தினா டக்குனு விழும். லென்ஸைக் கழட்டி மாட்டலாம்.”

“கழட்டி மாட்டலாமா?” லிஃப்ட்காரர் நிமிர்ந்தார். கழற்றி மாட்டக்கூடிய எதன் மேலும் அவருக்கு மரியாதை உண்டு.

“இன்னொண்ணு இது, காம்பாக்ட். சட்டைப்பையில போட்டுக்கலாம். கடைசி வரிசையில உக்காந்துக்கிட்டு மேடையில இருக்கறவங்க கண் இமையை எண்ணலாம். அவ்ளோ கிட்ட வரும்.”

“அப்போ இதையே குடு தம்பி.”

“ஆனா இருட்டுல தடுமாறும்ணே. அழுத்தினா கொஞ்சம் யோசிச்சுட்டுத்தான் எடுக்கும்.”

“அப்போ அதைக் குடு.”

“அதோட வர்ற லென்ஸ்ல தூரத்துல இருக்கறது கிட்ட வராதுண்ணே. நீங்கதான் கிட்டப் போகணும்.”

“இருட்டுலயும் தெரியணும், கிட்டவும் வரணும். அப்படி ஒண்ணு இல்லியா?”

“இருக்குண்ணே. இந்தக் கட்டடத்து லிஃப்டை வித்தாலும் பத்தாது.”

லிஃப்ட்காரர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கடைக்குள் வந்த வேறு இரண்டு பேர் வாங்கிக்கொண்டு போயே போய்விட்டார்கள். கடைசியில் கடைக்காரருக்கே பொறுக்கவில்லை.

“ரெண்டையும் எடுத்துட்டுப் போங்கண்ணே. வீட்டுல வெச்சுப் பாருங்க. திங்கக்கிழமை ஒண்ணைக் கொண்டாந்து விட்டுடுங்க. டப்பா மட்டும் பத்திரம்.”

அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்தவரைப் பார்த்து மனைவி கேட்டாள்: “என்னங்க கழுத்துல? தண்ணி மோட்டாரா?”

டி.எஸ்.எல்.ஆர். என்று சொல்லும்போதெல்லாம் அவளுக்கு நடுவில் ஓர் எழுத்து விட்டுப்போனது. காம்பாக்ட் என்று சொல்லும்போது இவருக்கே நாக்குப் புரண்டது. அதனால் கொஞ்ச நேரத்திலேயே அவை ‘பெருசு’, ‘சின்னது’ ஆகிவிட்டன. அந்தப் பெயர்கள் அந்த வீட்டில் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பது இருவருக்குமே உறைக்கவில்லை. உறைக்கவைக்கக்கூடிய ஆளான சின்னது அப்போது பள்ளியில் ஒத்திகையில் கதவாக நின்றுகொண்டிருந்தாள்.

திரைச்சீலைகளை எல்லாம் இழுத்துவிட்டு, அறையை இருட்டாக்கி, இரண்டு கேமராக்களுக்கும் பரீட்சை வைத்தார். வீட்டில் சும்மா இருந்தவள் பெருசு என்பதால் அவளையே நிற்கவைத்தார். சின்ன கேமரா எடுத்த படத்தில் கருப்பாக ஏதோ ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது. அதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் பெரிய கேமராவை எடுத்தார். சின்னது பள்ளிப்பையோடு வாசலில் வந்து நின்றபோது அவள் பார்த்தது இதைத்தான்: அப்பா முழங்காலிட்டு, கண்ணைச் சுருக்கி, புதுக் கேமராவில் பெருசைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

“வா வா, உனக்குத்தான் இதெல்லாம்” என்றார் அப்பா. சின்னது சுவரைப் பார்த்தாள். அதில் மேற்கொண்டு பெருசை மாட்ட எங்கே இடம் இருக்கிறது என்று யோசித்தாள்.

மறுநாள் நாடகம். காலையில் கேமராக்கடைக்காரர் ஃபோன் செய்தார். சின்ன கேமராவை ஒரு வாடிக்கையாளர் கேட்கிறாராம், முடிவு என்ன என்று தெரிய வேண்டுமாம். லிஃப்ட்காரர் நடைவழியில் நின்று பேசினார். பல மாடி உயரத்துக்குக் குரல் கொடுத்தே பழகியவர் என்பதால் அவர் ஃபோனில் பேசுவது தெருவுக்கே கேட்கும். குளியலறையில் பல் தேய்த்துக்கொண்டிருந்த சின்னதுக்குக் கேட்டதைச் சொல்லவே வேண்டாம்.

“சொல்லு தம்பி... ஆமா, முடிவு பண்ணிட்டேன். பெருசையே வெச்சுக்கறோம். சின்னது வேண்டாம்.”

பல் தேய்க்கும் சத்தம் நின்றது.

“சேச்சே, குறை சொல்லக் கூடாது. சின்னது பாக்க அழகாத்தான் இருக்கு. வெளியில தூக்கிட்டுப் போக வரச் சுலபம். ஆனா இருட்டுல அதுக்குக் கண்ணு தெரிய மாட்டேங்குது. ஒரு வேலை சொன்னா யோசிச்சுட்டே நிக்குது. பெருசு அப்படி இல்ல, தொட்டா டக்குனு செஞ்சுடுது... ஆங், வீட்டுலயும் கேட்டுட்டேன். ரெண்டையும் வெச்சுக் கட்டுப்படியாகாதுன்னுதான் அவளும் சொல்றா.”

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

“திங்கக்கிழமை நானே கொண்டாந்து விட்டுடறேன். யாரோ கேக்கறாங்கன்னியே, அவங்ககிட்டயே குடுத்துடு. நல்லா வெச்சுக்குவாங்க இல்ல? சரி சரி. டப்பாவுல போட்டுத்தானே கொண்டு வரணும்? டப்பா இருக்கு, பரண் மேலதான் வெச்சிருக்கேன்.”

பரண் மேல் கேமரா டப்பாவை வைத்தவர் அவர்தான். ஆனால் அதே பரணில் பழைய ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி ஒன்றும் பல காலமாக இருந்தது. சின்னதுக்கு அந்தப் பெட்டிதான் தெரியும். முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, பரணை நிமிர்ந்து பார்த்தாள். அதற்குள் உட்கார்ந்தால் போதும், காலை மடக்க வேண்டியிருக்காது.

அவள் அழவில்லை. அழுவதற்குத் திங்கட்கிழமை வரை நேரம் இருந்தது. அதற்குள் திருந்திவிட்டால் ஒருவேளை வைத்துக்கொள்வார்கள். அவள்மேல் சொல்லப்பட்ட புகார்களை மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டாள். இருட்டில் தெரியவில்லை, வேலை சொன்னால் யோசிக்கிறாள்.

அம்மா சமையலறையிலிருந்து, “யாராவது அந்த...” என்று ஆரம்பித்தாள். சொல்லி முடிப்பதற்குள் சின்னது ஓடிவந்து உப்பு ஜாடியை நீட்டினாள்.

“உப்பு யாருடி கேட்டா? அந்த...”

சர்க்கரை வந்தது. பிறகு விளக்குமாறு வந்தது. கடைசியில் அம்மாவுக்கு வேண்டியிருந்தது என்னவோ கைப்பிடித் துணிதான், ஆனால் அதற்குள் அவளுக்கே அது மறந்துபோய்விட்டது. யோசிக்காமல் செய்வதில் சின்னது நல்ல முன்னேற்றம் காட்டினாள்.

பிறகு இருட்டு. ஜன்னல் இல்லாத சாமான் அறைக்குள் விளக்கைப் போடாமல் போய் நின்று, “அம்மா, எனக்கு எல்லாம் நல்லாத் தெரியுது!” என்று கத்தினாள். தொடர்ந்து வாளி உருளும் சத்தம் கேட்டது. நெற்றியில் சின்னதாக ஒரு புடைப்போடு வெளியே வந்து, “வாளிகூடத் தெரிஞ்சுது” என்றாள்.

மத்தியானம் சாப்பிடும்போது தட்டில் ஒரு பருக்கை மிச்சம் இல்லை. தட்டைத் தானே கழுவி வைத்தாள். அப்படியே பெருசின் தட்டையும் கழுவினாள்.

“அம்மா, கடையில பாத்ரூம் இருக்குமா?”

“எந்தக் கடையில?”

“பொதுவா. கடைன்னா.”

“இருக்கும்னு நினைக்கறேன். ஏன்?”

“ஒண்ணும் இல்ல.”

பெருசிடம் தனியாகப் போய்க் கேட்டாள்: “நீ இருட்டுல நல்லாத் தெரிவியா?”

“நான் எங்க நின்னாலும் நல்லாத் தெரிவேன்” என்றாள் பெருசு, தலையைச் சீவிக்கொண்டே. சின்னது பெருமூச்சு விட்டாள்.

லிஃப்ட்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. “பாத்தியா? நாடகம்னதும் பிள்ளைக்கு எவ்வளவு பொறுப்பு வந்துடுச்சு!” என்றார். மனைவி சின்னதின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

மாலையில் கிளம்பும்போது லிஃப்ட்காரர் பெரிய கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். பரணிலிருந்து சின்ன கேமராவை எடுத்து மனைவி கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“அதைத்தான் திருப்பிக் குடுக்கப்போறோமே, அது எதுக்கு?”

“எதுக்கும் இருக்கட்டும். உங்க கையைப் பத்தி எனக்குத் தெரியாதா?”

பள்ளி அரங்கில் கூட்டம் நிரம்பியிருந்தது. மனைவியும் பெருசும் நடு வரிசையில் இடம் பிடித்தார்கள். பெரிய கேமராவுக்குக் கிட்டப் போயாக வேண்டும் என்பதால் லிஃப்ட்காரர் சுவரோரமாக மேடைக்கு அருகே போனார். அங்கேதான் அவர் தலைமையாசிரியையான பெரிய டீச்சரின் கண்ணில் பட்டார்.

அன்றைக்கு வர வேண்டிய போட்டோகிராபர் வரவில்லை. பெரிய டீச்சர் கையைப் பிசைந்துகொண்டு நின்ற நேரத்தில், கழுத்தில் அவ்வளவு பெரிய கேமராவோடு ஒருவர் வந்தால் வேறு என்ன நினைப்பார்?

“வாங்க வாங்க! இவ்ளோ நேரமா? சிறப்பு விருந்தினர் வந்து உக்காந்துட்டாங்க.”

“அம்மா, நான் வந்து லிஃப்ட்...”

“லிஃப்ட் எல்லாம் இங்க கிடையாது. படியிலதான் ஏறணும். சீக்கிரம் வாங்க.”

முகத்தைப் பார்த்துவிட்டால் திணறுகிறவர் என்று முன்பே சொன்னேன். இங்கேயும் அதுதான் நடந்தது. அடுத்த நிமிடம் அவர் மேடையில் இருந்தார். விருந்தினருக்குப் பூங்கொத்து கொடுப்பதை எடுத்தார். விருந்தினர் பேசுவதை எடுத்தார். பரிசு வாங்குகிற பிள்ளைகளை எடுத்தார். கீழே இறங்கினால் பெற்றோர்கள் மொய்த்துக்கொண்டார்கள். “சார், நம்ம பையனை ஒண்ணு”, “சார், இவ அசையறதுக்குள்ள எடுத்துடுங்க” என்று ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தார்கள். சின்ன கேமராவோடு எத்தனையோ பேர் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

விளக்குகள் மங்கின. நாடகம் ஆரம்பமாகிவிட்டது. அவர் பதறி மேடைப் பக்கம் திரும்பும்போது பெரிய டீச்சர் குறுக்கே வந்தார்.

“விருந்தினர் கிளம்பறாங்க. காருக்குப் பக்கத்துல நிக்கற மாதிரி ஒரு படம்.”

“ஒரே நிமிஷம்மா. எங்க சின்னது...”

“சின்னது வேண்டாம், பெருசாவே எடுங்க. ஆபீஸ்ல மாட்டணும்.”

மேடையில் அட்டைக் கதவுக்குப் பின்னால் நின்ற சின்னது இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தாள். அப்பா கீழேதான் நிற்கிறார். முதுகைக் காட்டிக்கொண்டு வேறு யாரையோ எடுக்கப் போகிறார். அவளுக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. உப்பு ஜாடி, தட்டு, வாளி எதற்கும் பலன் இல்லை.

மன்னர் வந்தார். காகிதக் கிரீடம், பின்னால் படை. வலப்பக்கக் கதவு ஒழுங்காகத் திறந்தது. இடப்பக்கக் கதவு திறக்கவில்லை. மன்னர் கொஞ்சம் காத்திருந்தார்.

“கதவைத் திற” என்றார் மன்னர். அது வசனத்தில் இல்லாதது.

“திறம்மா!” என்று திரைக்குப் பின்னாலிருந்து டீச்சர் கிசுகிசுத்தது அரங்கத்துக்கே கேட்டது.

“திறக்க மாட்டேன்!” என்றது கதவு. அதன் குரல் உடைந்தது. “எனக்கு இருட்டுல நல்லாத் தெரியும்! நான் யோசிக்கவே மாட்டேன்! என்னைக் கடையில விடாதீங்க!”

அரங்கம் முழுக்கச் சிரித்தது. சிரிக்காத ஆள் ஒருவர்தான். இருட்டு, யோசிப்பது, கடை. காலையில் தான் ஃபோனில் பேசியது ஒவ்வொரு வார்த்தையாக லிஃப்ட்காரரின் காதுக்குத் திரும்பி வந்தது. பெரிய டீச்சர் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் மேடைமேல் ஏறிவிட்டார்.

ஏறிவிட்டாரே தவிர, ஊரே பார்க்கிறது. என்ன பேசுவது என்று தெரியவில்லை. ஆனால் எதிரே இருந்தது மூடிய கதவு. கதவின் முன்னால் பேச அவருக்கு வரும்.

“உள்ள யாரு இருக்கீங்க?” என்று நிதானமாகக் கேட்டார்.

“இடது கதவு.”

“பதறாதீங்க. நான் லிஃப்ட்காரர் வந்துட்டேன். மூச்சு விட முடியுதா?”

“முடியுது.”

“உள்ள எத்தனை பேரு?”

“நான் ஒருத்திதான்.”

“சரி. எங்க மாட்டிக்கிட்டீங்க?”

மூக்கை உறிஞ்சும் சத்தம். “நீங்கதான் ஃபோன்ல சொன்னீங்க. பெருசையே வெச்சுக்கறோம், சின்னது வேண்டாம்னு. டப்பாவுல போட்டுக் கொண்டாந்து விட்டுடறேன்னு.”

“என்ன மனுஷன்யா இவன்!” என்று முன்வரிசையில் யாரோ சொன்னார்கள்.

“ஐயோ, அது கேமராம்மா! ரெண்டு கேமரா கொண்டாந்தேன். என் கழுத்துல இருக்கே, இது பெருசு. அம்மா பையில இருக்கறது சின்னது. அதைத்தான் திருப்பிக் குடுக்கறேன்னு சொன்னேன்.”

கதவு யோசித்தது.

“அப்போ டப்பா?”

“கேமரா டப்பா.”

“ஃப்ரிட்ஜ் டப்பா இல்லியா?”

“இல்லம்மா.”

“யாரோ என்னைக் கேக்கறாங்கன்னு சொன்னீங்க?”

“உன்னை யாரும் கேக்கலம்மா.”

“ஏன் கேக்கல?” கதவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“கேட்டாலும் குடுக்க மாட்டேன். ஊரே திரண்டு வந்து கேட்டாலும் குடுக்க மாட்டேன். இப்பத் திறங்க.”

கதவு பக்கவாட்டில் நகர்ந்து திறந்தது, லிஃப்ட் கதவு போலவே. மறுபடி மூடிவிடுமோ என்ற பயத்தில் மன்னர் படையோடு உள்ளே ஓடினார். கண்ணும் மூக்கும் ஒழுக வெளியே வந்த சின்னது, கடமை தவறாமல் சபையைப் பார்த்து, “மன்னர் வருகிறார், வழிவிடுங்கள்!” என்றாள். அப்பா அவளை அட்டையோடு சேர்த்து அள்ளித் தூக்கினார்.

நடு வரிசையில் வேறொரு போராட்டம் நடந்துகொண்டிருந்தது. மகளின் குரல் உடைந்த உடனேயே மனைவி, என்ன செய்கிறோம் என்று தெரியாமல், கைப்பையிலிருந்த சின்ன கேமராவை எடுத்து அழுத்திவிட்டாள். முன்னால் உட்கார்ந்திருந்தவரின் வழுக்கைத் தலை பளீரென்று விழுந்தது. மறுபடி அழுத்தினாள். கேமராவில் ஒரு சின்ன விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது.

“அம்மா, அழுத்தும்மா! அழுத்தும்மா!” என்று பெருசு குதித்தாள்.

“அழுத்தித்தான்டி பிடிச்சிருக்கேன். அது யோசிக்குது!”

யோசித்து, யோசித்து, அப்பா மகளைத் தூக்கிய பிறகுதான் அது மனசு வைத்தது.

பெரிய கேமராவில் எடுத்த படங்கள் எல்லாம் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தன. பூங்கொத்து அருமையாக விழுந்திருந்தது. விருந்தினருடைய காலணியின் மெருகு அப்படியே தெரிந்தது. அடுத்த வருடம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று பெரிய டீச்சர் சொல்லியனுப்பினார்.

திங்கட்கிழமை கேமராக்கடைக்குச் சின்னதும் கூடவே வந்தாள். சொன்னதெல்லாம் சரிதான், ஆனாலும் எதை விட்டுவிட்டு வருகிறார் என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றாள். லிஃப்ட்காரர் தண்ணி மோட்டாரைக் கழுத்திலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தார்.

“என்னண்ணே, சின்னதைத்தானே திருப்பித் தரேன்னு சொன்னீங்க? அந்த ஆளை வரச் சொல்லிட்டேனே” என்றார் கடைக்காரர்.

சின்னது அப்பாவின் விரலை இறுக்கிப் பிடித்தாள்.

“இல்ல தம்பி. பெருசு நல்லதுதான், பளிச்சுனு எடுக்குது. ஆனா கழுத்துல மாட்டினா நான் ஊருக்கே ஆளாயிடறேன். எம் பிள்ளையைப் பாக்க முடியல. சின்னது எங்ககிட்டயே இருக்கட்டும்.”

“இருட்டுல தெரியாதேண்ணே?”

“கொஞ்சம் யோசிக்கும். அவ்வளவுதானே?”

“இன்னொரு தடவ சொல்லுங்கப்பா” என்றாள் சின்னது.

“எதை?”

“எங்ககிட்டயே இருக்கட்டும்னு.”

சொன்னார். வழக்கமான குரலில் சொன்னதால் தெருவுக்கே கேட்டது.

அந்தப் படம் இப்போது கூடத்துச் சுவரின் நடுவில் இருக்கிறது. அதற்கு இடம் விட்டு முதல் பல் பெருசு ஓரத்துக்குப் போனாள். கொஞ்சம் முணுமுணுத்துக்கொண்டுதான் போனாள். படத்தில் சின்னது முழுசாக இருக்கிறாள். அழுது வீங்கிய முகம், ஃப்ளாஷ் பட்டுச் சிவந்த கண், நெற்றியில் வாளிப் புடைப்பு, வாய் கொள்ளாத சிரிப்பு. மச்சம் இல்லை. அவளைத் தாங்கிப் பிடித்த இரண்டு கைகள் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே பெரிய கேமரா தொங்குகிறது. அதற்கு மேலே சட்டைக் காலர் வரை இருக்கிறது.

வீட்டுக்கு யார் வந்தாலும் சின்னது முதலில் அந்தப் படத்துக்குத்தான் இழுத்துப் போகிறாள்.

“இது நான்” என்பாள். அப்புறம் காலரைத் தொட்டுக் காட்டி, “இது அப்பா. எங்க வீட்டுல யாருக்காவது ஒருத்தருக்குத் தலை இருக்காது” என்பாள்.